ஐம்பது அடி மாப்பிள்ளை

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்குச் சம்பளம் கொடுப்பது ‘முடியாது’ என்று சொல்வதற்காக. லேத்தில் கடைந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, தப்பினால் சிவப்புச் சீட்டு. தலைமயிரில் பாதிக் கனம் கூடிவிட்டது என்பதற்காக ஒரு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். லேத் ஓட்டுகிற டர்னர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் என் கையால் அளந்ததைத் தவிர வேறு யார் அளந்ததிலும் நம்பிக்கை கிடையாது. எல்லாக் கூத்தும் இந்தத் திமிரில்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அதோடு வந்த லென்ஸ் ஒழுங்காக வேலை செய்தது. முகத்தைத் தானே தேடிப் பிடித்தது, தானே ஃபோகஸ் செய்தது. பத்து நாள் சந்தோஷமாக இருந்தேன். பதினோராவது நாள் இணையத்தில் ஒரு கூட்டத்திடம் போய் மாட்டிக்கொண்டேன். புது லென்ஸில் எடுக்கிற படத்தில் உயிர் இல்லையாம், பழைய லென்ஸில்தான் ‘கேரக்டர்’ இருக்கிறதாம். எல்லோரும் தங்கள் வீட்டுப் பூனையைப் பழைய லென்ஸில் எடுத்துப் போட்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கும் கேரக்டர் இல்லாமல் வாழ்ந்துவிட்டோமே என்று ஏக்கம் வந்துவிட்டது.

சென்னையில் பழைய கேமரா விற்கிற ஒருவரிடம் போனேன். ரஷ்யாவில் செய்தது என்று கனமாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். உள்ளே பார்த்தால் ஊசிப்போன இட்லியில் இருப்பதுபோல் ஒரு ஓரத்தில் பூஞ்சை. “அது பூஞ்சை இல்ல சார், கேரக்டர்” என்றார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற தகடுகள், எண்ணெய் இறங்கி, மூடவே மூடாமல் முழுசாகத் திறந்தபடி நின்றுவிட்டிருந்தன. அதைக் காட்டினேன். “அதுவும்தான் சார்” என்றார். இதே பொருள் எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தால் நாலு பக்கமும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன். இங்கே காசைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு திருவள்ளூர் வண்டியில் ஏறினேன்.

வீட்டில் என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுசாகத் திறந்து எடுத்தால் ஆளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும், அதற்குப் பெயர் பொக்கே என்று விளக்கினேன்.

“பொக்கேன்னா கல்யாணத்துல குடுப்பாங்களே, அந்தப் பூதானங்க? அதுக்கா இந்த ஓட்ட ஒடசல வாங்கியாந்தீங்க?” என்றாள். அவள் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பத்துக்காரி. மீனோ லென்ஸோ, எதையும் செவுள் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள்.

பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் அப்படியே மாட்ட முடியாது. அதன் வாய் வேறு, இதன் வாய் வேறு. நடுவில் அடாப்டர் என்று ஒரு உலோக வளையம் வேண்டும். அதற்குள் கண்ணாடி, மின்சாரம், மந்திரம் எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். ஆனால் அந்தக் காற்றின் நீளம் சரியாக இருக்க வேண்டும். என்னுடைய ஜோடிக்கு இருபத்தேழு புள்ளி நாலு ஆறு மில்லிமீட்டர். வளையம் ஒரு நூலிழை தடித்துவிட்டாலும் கிட்டத்தில் இருப்பது மட்டும் தெரியும், தூரத்தில் இருப்பது எதுவும் தெளியாது.

இணையத்தில் வாங்கிய வளையத்தை மாட்டினால் லென்ஸ் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லாரி எஞ்சினுக்குப் பாகம் செய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு வளையத்துக்கு அடுத்தவன் கையைப் பார்ப்பதா? கேமராவைக் கவ்வுகிற தகட்டை மட்டும் அதிலிருந்து கழற்றிக்கொண்டு, நடு உடம்பைப் புதிதாகக் கடைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். என்னிடம் அதிகம் சிவப்புச் சீட்டு வாங்கியிருக்கிற டர்னரிடமே போனேன், ஏனென்றால் அவர்தான் எங்கள் எஸ்டேட்டிலேயே நல்ல கை.

“செஞ்சி தரேன் சார். ஆனா ஒண்ணு. பச்ச சீட்டு ஒட்டி, அதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எட்த்துக்கினு போவணும். இத்தினி வருசத்துல எனுக்கு நீங்க சிரிச்ச மொகமா பச்ச ஒட்டி நான் பாத்ததே இல்ல” என்றார்.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து கடைந்தார். மைக்ரோமீட்டரில் வைத்தேன். இருபத்தேழு புள்ளி நாலு ஆறு. எட்டு இடத்தில் அளந்தேன், எட்டிலும் அதேதான். முடிந்தவரை சிரித்த முகமாகப் பச்சை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அலுமினியம் பளபளவென்று மின்னியது. உள்ளே வெளிச்சம் பட்டுத் தெறிக்கக் கூடாது, கறுப்பாக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் பச்சைச் சீட்டு ஒட்டியது எதுவாக இருந்தாலும் அடுத்த தெருவுக்குப் பவுடர் கோட்டிங் என்கிற பொடிப் பூச்சு அடிக்கப் போய்விடும். கிரில் கேட் போகும், மின்விசிறிக் கம்பி போகும், ஒரு தடவை யாரோ சாப்பாட்டு டப்பாவை ட்ரேயில் வைத்துவிட்டு, அதுவும் கறுப்பாகத் திரும்பி வந்தது. என் வளையமும் அதே ட்ரேயில் போய், மறுநாள் மழமழவென்று எருமைக் கன்று நிறத்தில் வந்து சேர்ந்தது. தடவித் தடவிப் பார்த்துப் பூரித்தேன்.

சோதித்தும் பார்த்தேன், அதை மட்டும் குறை சொல்ல முடியாது. லேத்தை எடுத்தேன், டீ கிளாஸை எடுத்தேன், டர்னரின் முகத்தை மயிர்க்கால் தெரிய எடுத்தேன். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி வந்தது. காக்களூரில் தூரம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இருபது அடியில் ஒரு தகரக் கொட்டகை, நாற்பது அடியில் ஒரு லாரி.

இந்த நேரத்தில்தான் மாமனார் வீட்டில் புதுப் படகு வந்தது.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் திருவள்ளூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர்கள். என் மனைவியைக் கும்மிடிப்பூண்டியில் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பஸ்ஸில் பார்த்துப் பழகித்தான் கட்டிக்கொண்டேன். இரண்டு வீடும் முறுக்கிக்கொண்டு பிறகு சமாதானமாகிவிட்டன. ஆனால் ஏழு வருஷமாக மாமனார் என்னிடம் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம்: “வாங்க மாப்ள.” “குந்துங்க மாப்ள.” “துன்னீங்களா மாப்ள.” “போய்ட்டு வாங்க மாப்ள.” தன் மகனையும் படகில் வரும் ஆட்களையும் ஏரியில் பறக்கிற காக்கையையும்கூட ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர், என்னைக் கண்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுவார். நான் இதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“மரியாதையா? உங்கள இன்னும் விருந்தாளின்னு நெனச்சிக்கினு கீது நைனா” என்றாள் மனைவி. அவள் அப்பாவை நைனா என்றுதான் சொல்வாள். அதைக் கேட்ட பிறகு அந்த நான்கு வாக்கியமும் எனக்குக் கசக்க ஆரம்பித்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, கடலுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கரையில் உட்கார்ந்து போகிற வருகிற படகையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். மகன் புது ஃபைபர் படகு எடுத்ததும் ஒரே பிடியாகப் பிடித்தார். முதல் ஓட்டம் தான்தான் ஓட்டுவேன் என்றார். “டாக்டரு கடல்னுதான் சொன்னாரு, ஏரின்னு சொன்னாரா?” என்று எல்லோரையும் மடக்கினார். கடைசியில் கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அவர் கையை அதன்மேல் வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். ஏரிக்குள் ஒரே ஒரு ரவுண்டு. அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் படகில் கால் வைக்கக் கூடாது.

சத்தியம் முடிந்த அன்று என் மனைவி என்னிடம் ஒரு காரியம் கேட்டாள். அவளாக எதையும் கேட்கிறவள் இல்லை. வாழ்நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த அந்த மனிதருக்குப் படகில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆதார் அட்டையில் ஒரு முகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

“அதுல கீறது எங்க நைனா இல்ல, யாரோ திருடன். சுக்கானப் புட்ச்சிக்கினு நிக்கிறாப்போல ஒண்ணே ஒண்ணு எட்த்துக் குடுங்க. அப்பறம் எப்பவும் கெடைக்காது.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மைத்துனன் போனில் வேறு ஏற்பாடு சொன்னான். “மாமா, புதுவாயல்ல ஒர்த்தரு ட்ரோனு வெச்சிக்கினு கீறாரு. சொல்லிடட்டா?”

எனக்கு உச்சி எரிந்தது. வீட்டில் நான் இருக்கும்போது ட்ரோனா? அதில் கேரக்டர் உண்டா? வேண்டவே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவன் இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் சொன்னேன்.

முதல் ஓட்டத்தன்று காலை நாஷ்டாவுக்கு முன்னாலேயே குப்பத்தில் இருந்தோம். கேமராவோடு வந்த நல்ல லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டேன். எடுத்துப் போனால் கை அதற்குப் போகும் என்று வீராப்பு. படகின் மூக்கில் குங்குமம், எலுமிச்சம்பழம், மாலை. கிட்டப் போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். எலுமிச்சம்பழத்தின் தோலில் இருக்கிற புள்ளிகூடத் தெரிந்தது. மைத்துனன் எட்டிப் பார்த்து, “மாமா, சூப்பரா கீது” என்றான். ட்ரோன்காரர் விஷயத்தில் நான் சொன்னது சரியாகிவிட்டது பார் என்கிற தோரணையில் தலையாட்டினேன்.

மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க மாப்ள” என்று துண்டை எடுத்தார். பிறகு படகில் ஏறியதும் ஆளே மாறிப்போனார். சட்டையைக் கழற்றி மகனிடம் எறிந்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சுக்கானைப் பிடித்தார். எங்கிருந்தோ பத்து வயசு குறைந்துவிட்டது. மனைவி என் முழங்கையைத் தொட்டு, “இப்ப எடுங்க” என்றாள்.

நான் எடுக்கவில்லை. கரையோரம் ஆட்கள் மறைத்தார்கள் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம், மனசுக்குள் நான் ஏற்கெனவே படத்தை எடுத்து முடித்திருந்தேன்: நட்ட நடு ஏரி, தனிப் படகு, நிற்கிற மனிதர், பின்னால் தெற்கே மங்கலாக அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கலைஞன் அல்லவா, காத்திருந்தேன்.

படகு ஏரிக்குள் போனது. கேமராவைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். மிரர்லெஸ் கேமராவில் ஒரு வசதி உண்டு. எது தெளிவாக இருக்கிறதோ அதன் விளிம்பில் சிவப்புக் கோடு மினுக்கும். திருப்பிக்கொண்டே போனேன், ஒரு கோடும் வரவில்லை. வளையம் கடைசி வரை போய் டக்கென்று நின்றுவிட்டது. படகு ஒரு நீலக் கறை. மாமனார் அதன்மேல் ஒரு பழுப்புக் கறை. புகைபோக்கியும் புகையாகவே தெரிந்தது.

ஒரு நிமிஷம் லென்ஸைத் திட்டினேன், ரஷ்யாவைத் திட்டினேன். அப்புறம் வளையத்தின் மழமழப்பு விரலில் பட்டது. கோட்டிங். இந்தப் பக்கம் ஒரு படலம், அந்தப் பக்கம் ஒரு படலம், இரண்டும் சேர்ந்து வளையம் தடித்துவிட்டது. நான் அளந்தது கோட்டிங்குக்கு முன்னால். அதற்குப் பின்னால் அளக்கவே இல்லை. இதே தப்புக்காக எத்தனை சப்ளையர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். ‘பூச்சுக்குப் பின் அளக்கவும்’ என்று எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற காகிதமே என் கையெழுத்தில்தான் இருக்கிறது. லென்ஸுக்குள் எண்ணெய் இறங்கிய அந்தத் தகடுகளைக் கொஞ்சம் மூட முடிந்திருந்தால் தூரமும் ஓரளவு தெளிந்திருக்கும், சமாளித்திருக்கலாம். அந்தக் கதவையும் நானே காசு கொடுத்து அடைத்துக்கொண்டேன்.

“வந்துச்சா?” என்றாள் மனைவி.

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்திடம் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஐம்பது அடி வரைக்கும் இந்த லென்ஸுக்குக் கண் தெரியும். படகோ முந்நூறு அடியில் இருந்தது. அதுவாக ஐம்பது அடிக்கு வராது. நான் போக வேண்டியதுதான். பேன்ட்டைக்கூட மடிக்காமல் ஏரிக்குள் இறங்கினேன்.

“இன்னாங்க பண்றீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டது. ஆங்கிள் பார்க்கிறேன் என்றேன்.

முதலில் முழங்கால் அளவுதான் இருந்தது. சேறு எனக்குப் புதிதில்லை, நாற்று நட்ட வயலில் வளர்ந்தவன். ஆனால் வயல் சேறு நிற்கிற இடத்தில் நிற்கும். ஏரியில் படகு போய்ப் போய் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும் என்பது குப்பத்துக் குழந்தைகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இடுப்பு வந்தது. மார்பு வந்தது. நீச்சல் தெரியாதவன் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அடுத்த அடி வைத்தேன். கால் எதிலும் படவில்லை. பின்னாலிருந்த காலை எப்படியோ சேற்றில் ஊன்றி, கழுத்தளவில் நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை.

ரவுண்டில் பாதியை முடித்துத் திரும்பிய மாமனார் என்னைப் பார்த்துவிட்டார். படகின் மூக்கு சட்டென்று என் பக்கம் திரும்பியது. நூறு அடி. எண்பது அடி. நான் கேமராவை முகத்துக்கு நேராக இறக்கினேன். என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு உயிர் இரண்டாம்பட்சம். அறுபது. அப்போது அவருடைய தலைத்துண்டில் ஒரு சிவப்புக் கோடு மினுக்கியது. பிறகு தோளில், பிறகு நீட்டிய கையில், பிறகு முகம் முழுவதும்.

“டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற அங்க, பள்ளம்டா அது, சாவப் போறியாடா” என்று ஏரியே அதிரக் கத்தினார். முதல் ‘டேய்’யில் பொத்தானை அழுத்தினேன்.

என் சட்டைக் காலரைப் பிடித்து, வலையில் தேவையில்லாமல் வந்து மாட்டிய ஒன்றை இழுப்பதுபோல் இழுத்துப் போட்டார். நேராகக் கரைக்கு விட்டார். இறங்கியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி முதலில் அவர் நெஞ்சைத் தடவி, தண்ணீர் கொடுத்து, அவர் சரியானதும் என்னிடம் வந்து மனசாரத் திட்டினாள். ஒரே ஒரு ரவுண்டு, அதையும் பாதியில் கெடுத்தீங்களே என்றாள். நான் கேமராவின் திரையைக் காட்டினேன்.

அதில் தலைத்துண்டு கட்டிய ஒருவர், ஒரு கை சுக்கானில், மறு கை நம்மை நோக்கி நீட்டியபடி, நரம்பு புடைக்க, வாய் திறந்து நின்றார். பின்னால் ஏரியும் கரையும் புகைபோக்கியும் உருகிப்போயிருந்தன. அவள் கண் நிறைந்துவிட்டது.

“இதாங்க எங்க நைனா” என்றாள்.

படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ரேம் செய்து அடுத்த மாதம் கொண்டுபோனோம். மாமனார் வெகுநேரம் பார்த்தார். “இதுல நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்?” என்றார்.

“டேய்னு சொல்றீங்க மாமா” என்றேன்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள” என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சம்பாதித்ததை ஒரு வாக்கியத்தில் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாரே என்று அவ்வளவு வருத்தம். வளையத்துக்கு ஏரியிலிருந்து திரும்பியதுமே சிவப்புச் சீட்டு ஒட்டிக் கம்பெனி மேஜைமேல் வைத்துவிட்டேன். டர்னர் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் மறுபடி போயிருந்தோம். மனைவியும் மாமியாரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு ரவுண்டுன்னு சத்தியம் பண்ணேன். நீ வந்து பள்ளத்துல நின்னதுல பாதியோட நின்னுப்போச்சி. அர ரவுண்டு மிச்சம் கீதுடா. அம்மனுக்குக் கொற வெக்கக் கூடாது. வா.”

மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று லீவு. பின்னாலேயே போனேன். மைத்துனன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டான், அவர் சுக்கானைப் பிடித்தார். காற்றே இல்லை, ஏரி தட்டுபோல் கிடந்தது. டேய், நடுவுல குந்து. டேய், கைய வெளிய நீட்டாத. டேய், அந்தக் கயித்த எடு, அது இல்லடா, உனுக்கு இன்னாதான்டா தெரியும். ஏழு வருஷத்து மிச்சத்தையெல்லாம் அரை ரவுண்டில் தீர்த்தார். நான் கயிற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கரை நெருங்கியபோதுதான் கவனித்தோம். கோயிலுக்குப் போன என் மனைவி, மறந்துவிட்ட பூக்கூடையை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாமனார் தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டு, மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

“பாத்து எறங்குங்க மாப்ள” என்றார்.